இல்லாத சிப்பில் ஓடும் நிரல், இருக்கும் கணினியிடம் கேட்பது எப்படி?

கெடா மாநிலம் பாடாங் செராயில், கடைவரிசை ஒன்றின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் கணினி வகுப்புக்குப் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் கொண்டு வருபவை பெரும்பாலும் அண்ணனோ அக்காளோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த மடிக்கணினிகள். அவற்றில் இருப்பது இண்டெல் அல்லது ஏஎம்டி புராசஸர். நாங்கள் கற்றுக்கொடுப்பதோ, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் என்னும் வேறொரு கட்டளைத் தொகுப்பு, அதாவது ஒரு புராசஸருக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல். அதன் விவரக்குறிப்பை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம், பயன்படுத்தலாம். 32 பிட் வடிவத்தின் அடிப்படைக் கட்டளைகள் 40 மட்டுமே என்பதால், பள்ளிப் பிள்ளைகளும் அதை முழுமையாகப் புரிந்துகொள்ள முடியும். பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த இந்த ஊரிலிருந்து கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் சிப் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். அடுத்த தலைமுறை சிப்பின் உள்ளேயும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். ஆனால் ஆளுக்கொரு ரிஸ்க்-ஃபைவ் பலகை வாங்கித் தருவது கட்டுப்படியாகாது. ஆகவே சிமுலேட்டரை நாடுகிறோம்: அந்தச் சிப் செய்வதையெல்லாம் மடிக்கணினியில் செய்துகாட்டும் ஒரு மென்பொருள். பாவனை செய்யப்படும் சிப்பை டார்கெட் என்றும், பாவனையைத் தாங்கி நிற்கும் கணினியை ஹோஸ்ட் என்றும் இத்துறையில் அழைக்கிறார்கள்.

சிமுலேட்டரின் உட்பகுதி பார்ப்பதற்கு அச்சுறுத்தும், எழுதுவதற்கு எளிது. டார்கெட்டின் 32 பதிவகங்கள், அதாவது புராசஸர் தன் கணக்குக்குரிய எண்களை வைத்துக்கொள்ளும் சிறு இடங்கள், ஹோஸ்டில் ஓர் எண் வரிசையாக இருக்கும். அதன் நினைவகம் ஒரு நீண்ட பைட் வரிசையாக இருக்கும். அடுத்த கட்டளையை எடுப்பது, பிரித்துப் பார்ப்பது, அது சொல்லும் கணக்கைச் செய்வது என்று ஒரு சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டல், கழித்தல், ஒப்பீடு, தாவல் எல்லாம் இந்தச் சுழற்சிக்குள்ளேயே முடிந்துவிடும். ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் பள்ளி விடுமுறைக்குள் இவ்வளவையும் எழுதிவிடலாம். சிக்கல் தொடங்குவது, கணக்கின் விடையைத் திரையில் காட்ட வேண்டும் என்று அந்த நிரல் விரும்பும்போதுதான்.

இன்றைய பொதுவான இயங்குதளங்களில் சாதாரண நிரல் ஒன்று திரையையோ வட்டையோ நேரடியாகத் தொடுவதில்லை. கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையப் பகுதியிடம் கோரிக்கை வைக்கிறது. அந்தக் கோரிக்கைக்குத்தான் சிஸ்டம் கால் என்று பெயர். ரிஸ்க்-ஃபைவ் சிப்பில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் இதன் நடைமுறை தெளிவானது. கோரிக்கையின் எண்ணை ஏ7 பதிவகத்திலும், விவரங்களை ஏ0 முதல் ஏ5 வரையுள்ள பதிவகங்களிலும் வைத்துவிட்டு, ஈகால் என்னும் கட்டளையை இயக்க வேண்டும். விடை ஏ0-வில் வந்து சேரும். 'வணக்கம்' என்று ஒரு வரி அச்சிட வேண்டுமானால், ஏ7-இல் 64 (ரைட் என்னும் எழுதும் கோரிக்கை), ஏ0-வில் 1 (திரை), ஏ1-இல் எழுத்துகள் இருக்கும் முகவரி, ஏ2-இல் 22. ஏன் 22 என்றால், யூனிகோடில் 'வணக்கம்' என்பது புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். வரி முடிவுக்கு இன்னும் ஒன்று.

உண்மையான சிப்பில் ஈகால் இயங்கியவுடன் கட்டுப்பாடு கெர்னலுக்குப் போய்விடும். நம் சிமுலேட்டருக்குள்ளோ கெர்னல் என்று ஒன்றும் கிடையாது. எனவே சிமுலேட்டரே அந்தக் கோரிக்கையை வழிமறித்து, ஹோஸ்டின் கெர்னலுக்குப் புரியும்படி மாற்றி, விடையைப் பெற்று, டார்கெட் எதிர்பார்க்கும் வடிவில் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. தோட்டத்து ஆபீஸில் கிராணி செய்த வேலை இது: தொழிலாளி சொன்னதைக் கேட்டு, தொழிலாளர் இலாகா கேட்கும் பாரத்தில் அதை எழுதி, அங்கிருந்து வந்த பதிலைத் தொழிலாளிக்கு விளங்கும்படி சொல்வது. கிராணி ஒரு கட்டத்தை மாற்றி நிரப்பினால் இரண்டு பக்கத்தாருக்கும் தெரியாமலே காரியம் கெடும்.

முதலில் எண்கள். ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸில் எழுதுவதற்கு 64. 64 பிட் இண்டெல் லினக்ஸில் அதே வேலைக்கு 1. மாற்றாமல் 64-ஐ அப்படியே ஹோஸ்டிடம் கொடுத்தால், அங்கே அந்த எண்ணுக்கு உரியது, நிரல்கள் தங்களுக்குள் ஒழுங்குபடுத்திக்கொள்ளும் செமஃபோர் ஒன்றைக் கேட்கும் கோரிக்கை. நிரலை முடித்துக்கொள்ளும் 93-ஐக் கொடுத்தால், ஹோஸ்ட் அதைக் கோப்பின் உரிமையாளரை மாற்றச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும், நிரல் முடியாது. இந்தப் பிழை உடனே கண்ணில் படும் என்பதால் இதை எவரும் நீண்ட நாள் வைத்திருப்பதில்லை. ஓர் அட்டவணை போதும்.

அடுத்தது முகவரி. ஏ1-இல் இருக்கும் முகவரி டார்கெட்டின் நினைவகத்துக்குரியது. ஹோஸ்டில் அந்த முகவரியில் வேறு ஏதாவது இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. சிமுலேட்டர் தன்னிடமுள்ள பைட் வரிசையில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, 22 பைட்டும் எல்லைக்குள் அடங்குகின்றனவா என்று பார்த்து, பிறகே ஹோஸ்டிடம் கொடுக்க வேண்டும். இந்த எல்லைச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தவறான முகவரி தந்த நிரலுக்கு உண்மையான கெர்னல் 'முகவரி சரியில்லை' என்ற பிழையைத்தான் தரும். சிமுலேட்டர் அந்த இடத்தில் தானே செயலிழந்து விழுந்தால், மாணவர் தன் நிரலில் உள்ள தவற்றை எப்படிக் கண்டுபிடிப்பார்?

மிகவும் ஆபத்தான இடம், கோப்பைத் திறக்கும் கோரிக்கை. இயங்குதளமே இல்லாத சிறு சிப்புகளுக்கு நிரல் எழுதுகிறவர்கள் நியூலிப் என்னும் சி நூலகத்தைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கோப்பை எப்படித் திறக்க வேண்டும் என்பதை அது சில எண்களின் கூட்டுத்தொகையாகச் சொல்லும்: எழுத மட்டும் என்றால் 1, இருப்பதன் கடைசியில் சேர் என்றால் 8, இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கு என்றால் 512. ஆக, பதிவேடு ஒன்றைத் திறந்து கடைசியில் ஒரு வரி சேர்க்க விரும்பும் நிரல் தருவது 521. இண்டெல் லினக்ஸில் 1-க்குப் பொருள் அதேதான். 8 அங்கே பொருளற்றது. லினக்ஸ் அதைப் பேசாமல் விட்டுவிடும். 512-க்குப் பொருள், கோப்பில் இருப்பதையெல்லாம் அழித்துவிடு என்பது. உருவாக்குவதற்கு அங்கே 64, கடைசியில் சேர்ப்பதற்கு 1024. எனவே 521-ஐ மாற்றாமல் கொடுத்தால், பழைய வரிகளைக் காப்பாற்றிக்கொண்டு புதிய வரி சேர்க்க வந்த நிரல், பழைய வரிகள் அனைத்தையும் துடைத்துவிட்டுத் தன் ஒற்றை வரியை எழுதிவைக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. கோப்பு முன்பே இல்லாதிருந்தால் மட்டும், 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற விடை வரும். அழிவது டார்கெட்டின் கற்பனைக் கோப்பு அன்று, மாணவரின் மடிக்கணினியில் உள்ள உண்மையான கோப்பு. ஆகவே அந்தக் கூட்டுத்தொகையை ஒவ்வொரு பிட்டாகப் பிரித்து, பொருள் தெரிந்து, ஹோஸ்டின் பிட்டாக மாற்றிய பிறகே கோரிக்கையை அனுப்ப வேண்டும். பொருள் தெரியாத பிட் ஒன்று மிஞ்சினாலும் கோரிக்கையை மறுத்துவிடுவது நல்லது.

போகும்போது மட்டுமன்றி, விடை திரும்பி வரும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு கோப்பின் விவரங்களைக் கேட்கும் கோரிக்கைக்குக் கெர்னல் தரும் விடை, பல புலங்கள் கொண்ட ஒரு தொகுப்பு. 64 பிட் இண்டெல் லினக்ஸில் அதன் நீளம் 144 பைட். 64 பிட் ரிஸ்க்-ஃபைவில் 128. வகுப்பில் இதை நாங்கள் வேண்டுமென்றே மாற்றாமல் நகலெடுத்துப் பார்த்தோம். நிரல் ஒரு சாதாரண உரைக் கோப்பைப் பற்றிக் கேட்டது. அளவு மிகச் சரியாக வந்தது. "அப்புறம் என்ன சார், சரியாத்தானே இருக்கு?" என்றார் ஒரு மாணவி. உரிமையாளர் எண்ணைப் பார்க்கச் சொன்னேன்: 33188 என்று இருந்தது. அப்படி ஒரு பயனர் அந்தக் கணினியிலேயே கிடையாது. அளவு என்னும் புலம் இரண்டு அமைப்பிலும் 48-ஆம் பைட்டில் தொடங்குவதால் தப்பிப் பிழைத்துவிட்டது. ரிஸ்க்-ஃபைவ் நிரல் உரிமையாளரைத் தேடும் 24-ஆம் பைட்டிலோ இண்டெல் அமைப்பு கோப்பின் வகையையும் அனுமதிகளையும் வைத்திருக்கிறது. 'சாதாரணக் கோப்பு, உரியவர் எழுதலாம், மற்றவர் படிக்கலாம்' என்பதன் எண் வடிவம்தான் 33188. கோப்பின் வகையை நிரல் தேடிய 16-ஆம் பைட்டில், அந்தக் கோப்புக்கு எத்தனை பெயர்கள் உள்ளன என்னும் எண்ணிக்கை இருந்தது. ஆகவே அது சாதாரணக் கோப்பே இல்லை என்று நிரல் முடிவு செய்தது. போதாக்குறைக்கு, 128 பைட் இடத்தில் 144 பைட் கொட்டப்பட்டதால், பக்கத்தில் இருந்த வேறொரு மாறியின் மேல் 16 பைட் ஏறி உட்கார்ந்திருந்தது. பாதி சரியான விடைதான் கண்டுபிடிப்பதற்குக் கடினமானது. அதனால்தான் புலம் புலமாக எடுத்து, டார்கெட்டின் அமைப்பில் உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்கிறோம். டார்கெட் ஓர் எண்ணின் உயர்மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும் வகையாக இருந்தால், பைட்டுகளின் வரிசையையும் திருப்ப வேண்டும்.

பிழை எண்களுக்கும் இதே கதிதான். லினக்ஸில் 11 என்றால் 'பிறகு முயன்று பார்', 35 என்றால் 'ஒருவருக்காக ஒருவர் காத்து முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்'. மேக் கணினியில் இவ்விரண்டும் நேர்மாறு: 35 'பிறகு முயன்று பார்', 11 முட்டுக்கட்டை. மேக்கில் ஓடும் சிமுலேட்டர் ஹோஸ்டின் பிழை எண்ணை அப்படியே கொடுத்தால், சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்டிருக்க வேண்டிய லினக்ஸ் நிரல் நம்பிக்கை இழந்து நின்றுவிடும்.

எல்லாக் கோரிக்கைகளையும் ஹோஸ்டுக்கு அனுப்பத்தான் வேண்டும் என்பதில்லை. கூடுதல் நினைவகம் கேட்கும் கோரிக்கையைச் சிமுலேட்டரே தன் பைட் வரிசைக்குள் முடித்துக்கொள்ளலாம். கோப்பை மூடும் கோரிக்கையில் ஒரு கண்ணி இருக்கிறது: டார்கெட் நிரல் திரைக்குரிய 1 என்ற எண்ணை மூடச் சொன்னால், அதை ஹோஸ்டில் அப்படியே செய்தால் சிமுலேட்டரின் சொந்தத் திரைவழி மூடிப்போகும். இதனால்தான் நிரலில் பிழை தேட உதவும் ஜிடிபி என்னும் பிழைதிருத்தியோடு வரும் சிமுலேட்டர்கள் டார்கெட்டின் கோப்பு எண்களுக்கும் ஹோஸ்டின் கோப்பு எண்களுக்கும் இடையே ஓர் அட்டவணை வைத்திருக்கின்றன. சிமுலேட்டருக்குத் தெரியாத கோரிக்கை வந்தால் என்ன செய்வது? பூஜ்யம் திருப்பித் தந்து வெற்றி என்று சொல்லிவிடும் வழக்கத்தைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அது பெரும் தீங்கு. 'இந்தச் சேவை இங்கே இல்லை' என்பதற்கு லினக்ஸில் 38 என்று ஒரு பிழை எண்ணே இருக்கிறது. அதைத் தருவதுதான் முறை.

கெர்னலையே எதிர்பார்க்காத நிரல்களுக்கு வேறொரு வழி உண்டு. ஆர்ம் என்னும் வேறொரு வகைச் சிப்புகளுக்காக வகுக்கப்பட்ட செமிஹோஸ்டிங் முறையில், நிரல் ஒரு குறிப்பிட்ட நிறுத்தக் கட்டளையை இயக்கும். சிமுலேட்டரோ பிழைதிருத்தியோ அதைக் கண்டு, பதிவகத்தில் உள்ள எண்ணைப் பார்த்து வேலையை முடித்துத் தரும். ரிஸ்க்-ஃபைவும் இதை எடுத்துக்கொண்டது. ஆனால் அங்கே நிறுத்தக் கட்டளை ஒன்றே ஒன்றுதான். சாதாரண நிறுத்தத்திலிருந்து இதை வேறுபடுத்த, முன்னும் பின்னும் எந்த விளைவும் இல்லாத இரண்டு நகர்த்தல் கட்டளைகளை அடையாளமாக வைத்தார்கள். இந்த முறையில் கோப்பைத் திறக்கும் விதம் 0 முதல் 11 வரையுள்ள எண்ணாகவே வரையறுக்கப்பட்டிருப்பதால், மேலே சொன்ன 512 குழப்பத்துக்கு இடமே இல்லை. அதை வகுத்தவர்கள் எனக்கு மிகவும் பிடித்த முடிவை எடுத்திருக்கிறார்கள். எழுதும் கோரிக்கையில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும்: லினக்ஸ் எழுதி முடித்த பைட்டுகளின் எண்ணிக்கையைத் தரும், செமிஹோஸ்டிங் எழுதாமல் விட்ட பைட்டுகளின் எண்ணிக்கையைத் தரும். 'வணக்கம்' முழுதும் அச்சானால் முதலாவதில் விடை 22, இரண்டாவதில் 0.

டார்கெட் நிரல் பாவனை என்றாலும் அதன் கை ஹோஸ்டின் உண்மையான வட்டு வரை நீள்கிறது என்பதைப் பெற்றோரின் கணினியைக் கொண்டு வரும் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்கிறோம். ஜிடிபி டார்கெட்டோடு பேசும் நெறிமுறையில், ஹோஸ்டில் எந்தக் கட்டளையையும் இயக்கச் சொல்லும் கோரிக்கை இயல்புநிலையில் தடுக்கப்பட்டிருக்கும். பயனர் வெளிப்படையாக அனுமதித்தால்தான் திறக்கும். நாங்கள் கோப்புகளுக்கும் அப்படியே ஒரு தனிக் கோப்புறையை ஒதுக்கி, அதற்கு வெளியே போகும் பாதைகளை மறுத்துவிடுகிறோம்.

நேரம் கேட்கும் கோரிக்கைக்கு ஒரே சரியான விடை கிடையாது. ஹோஸ்டின் கடிகாரத்தைத் தந்தால், சிமுலேட்டர் மெதுவாக ஓடுவதால் நிரலுக்குத் தன் வேகம் படுமோசமாகத் தோன்றும். ஒவ்வொரு ஓட்டத்திலும் விடை மாறும். இயங்கிய கட்டளைகளை எண்ணி ஒரு பாவனை நேரத்தைத் தந்தால், ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரே விடை கிடைக்கும், ஆனால் சுவர்க் கடிகாரத்தோடு பொருந்தாது. பிழை தேடும்போது இரண்டாவதே உதவும்.

ஃபேப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய கியூஈமூ என்னும் சிமுலேட்டர், ஒரு நிரலை மட்டும் ஓட்டும் பயனர் நிரல் முறையில் லினக்ஸ் கோரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்த மொழிமாற்றத்தைச் செய்துவைத்திருக்கிறது; அதன் எஸ்ட்ரேஸ் தெரிவை இயக்கினால் டார்கெட் நிரல் வைத்த ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குக் கிடைத்த விடையும் வரிவரியாகத் திரையில் ஓடும். அதையும் எங்கள் சிறிய சிமுலேட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் மாணவர்களின் வாரப் பயிற்சி. இழைகள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல பணிகள்), கெர்னல் நிரலுக்கு இடையில் அனுப்பும் சிக்னல்கள், எழுத்துகள் உள்ளே வெளியே போகும் முனையத்தின் நுண்ணமைப்புகள் என்று வரும்போது இந்த வழிமறிப்பு முறை திணறத் தொடங்கும். அப்போது கியூஈமூவின் முழுக் கணினி முறைக்குப் போய்விடலாம். அங்கே ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸ் கெர்னலே பாவனைக்குள் ஓடும். ஈகால் அந்தக் கெர்னலுக்குப் போகும். ஹோஸ்ட் கையாள வேண்டியவை பாவனை வட்டின் படித்தலும் எழுதலும், முனையத்தின் எழுத்துகளும் போன்றவையே. கெர்னல் எழுந்து வரும் வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், ஒரு வரி அச்சிடும் பாடத்துக்கு அதை எடுப்பதில்லை. இழைகளைப் பற்றிய பாடம் வரும்போது எடுக்கிறோம்.