சிவப்பு ஆட்டோவும் குறுக்கு விசாரணையும்

நிலாவெளி வீதியில், தெருவிளக்கு இல்லாத ஓர் இடத்தில், இரவு ஏழரை மணிக்கு ஒரு விபத்து நடந்ததாக வைத்துக்கொள்வோம். சைக்கிளில் வந்தவரை இடித்துவிட்டு ஓர் ஆட்டோ நிற்காமல் போய்விட்டது. "அது சிவப்பு ஆட்டோ, என் கண்ணால் பார்த்தேன்" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். பொய் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. வழக்கு திருகோணமலை நீதிமன்றத்துக்கு வருகிறது. எதிரிக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்ட சிவப்பு ஆட்டோக்காரருக்காக, ஆஜராகும் சட்டத்தரணி இவரை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வார்?

"நீங்கள் சொல்வது பொய்" என்று பாய்ந்தால் காரியம் கெட்டுவிடும். நேர்மையான மனிதர், சீண்டினால் இன்னும் அழுத்திச் சொல்வார். அனுபவமுள்ளவர் மறுக்க முடியாத சின்னச் சின்ன விஷயங்களை ஒவ்வொன்றாகக் கேட்பார்.

"கடையில் வெள்ளை மின்குமிழ் எரிந்தது, சரியா?"

"ஓம் ஐயா."

"அந்த வெளிச்சத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?"

"ஓம்."

"சத்தம் கேட்ட பிறகுதான் வீதியைப் பார்த்தீர்கள்?"

"ஓம்."

"அப்போது ஆட்டோ கடையைத் தாண்டிவிட்டது?"

"தாண்டிப் போய்க்கொண்டிருந்தது."

இதோடு அவர் நிறுத்திவிடுவார். இந்த நான்கு பதில்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். நம் கண்ணில் நிறத்தை அறிபவை கூம்புக் கலங்கள்; அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். இருட்டில் உதவுபவை கோல் கலங்கள். வெளிச்சத்தில் இருந்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். அப்படிப் பழகினாலும் கோல் கலங்களால் நிறம் பிரிக்க முடியாது. சிவப்பொளியை அவை ஏறக்குறைய உணர்வதே இல்லை. அதனால் இருட்டில் சிவப்பு வண்டி கறுப்பாகத்தான் தெரியும். கடைக்காரர் கண்டது பின்விளக்கின் சிவப்பாக இருக்கலாம். அல்லது மறுநாள் கடைக்கு வந்த யாரோ "சிவப்பு ஆட்டோவாம்" என்று சொன்னது மனதில் படிந்திருக்கலாம்.

"பிறகு எப்படி நிறம் தெரிந்தது?" என்று கேட்கத்தான் வாய் துடிக்கும். கேட்டால், "எதிரே வந்த பஸ்சின் லைட் அதன்மேல் விழுந்தது ஐயா" என்று பதில் வரலாம். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது இதுதான். அந்த நான்கு பதில்களையும் இணைத்துக் காட்ட இறுதி வாதம் இருக்கிறது.

இந்த முறைக்குச் சட்டமே இடம் தருகிறது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது குறுக்கு விசாரணையில் அனுமதிக்கப்பட்டது. சாட்சியை அழைத்த தரப்பு பொதுவாக அப்படிக் கேட்க முடியாது. பொலிசில் கொடுத்த வாக்குமூலத்தைக் காட்டி முரண்பாடுகளையும் எடுத்துக் கேட்கலாம். ஆனால் தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, வழக்கு எடுபட வருடங்கள் போய்விட்டால், அந்த முரண்பாடு சாட்சியுடையதா எழுதியவருடையதா என்று நீதிமன்றம் நிதானமாகப் பார்த்தாக வேண்டும். இன்னொரு கடமையும் சட்டத்தரணிக்கு உண்டு. தன் கட்சிக்காரர் வேறு கதை சொல்லப் போகிறார் என்றால், அதைச் சாட்சியின் முகத்துக்கு நேரே சொல்லிப் பதில் கேட்க வேண்டும். 1893இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்பில் வலியுறுத்திய விதி இது.

என்னைக் கவலைப்படுத்துவது கேள்வியின் சக்திதான். 1974இல் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்களான எலிசபெத் லோஃப்டஸும் ஜோன் பால்மரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படக்காட்சிகளைக் காட்டினார்கள். கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 41 மைல் அளவில் சொன்னார்கள். "தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 32. இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. இருந்தும் "நொறுங்கிய" என்ற கேள்வியைக் கேட்ட 50 பேரில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். "இடித்த" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்தான். ஆக, பிழையான நினைவைக் கண்டுபிடிக்கும் கேள்வியே சரியான நினைவைக் கலைக்கவும் கூடும். குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். நியூசிலாந்தில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் குறுக்கு விசாரணை பாணியில் கேட்டபோது, பலர் முதலில் சரியாகச் சொன்னதையும் மாற்றிச் சொன்னார்கள்.

அதனால்தான் நீதிபதி வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவர் அல்லர். அவமதிக்கும் கேள்வியை அவர் தடுக்கலாம், தானே கேள்வி கேட்கலாம். அப்புறம், கூண்டில் ஏறும் எவரும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லலாம். பார்க்காததைப் "பார்க்கவில்லை" என்றும், மறந்ததை "ஞாபகமில்லை" என்றும் சொல்லலாம். அவையும் முழுமையான பதில்களாகவே வழக்கேட்டில் பதியப்படும்.