மனநோய் முற்றியவரை போலீஸ் எங்கே கொண்டுபோக வேண்டும்? சட்டம் சொல்வது இதுதான்

வீட்டில் ஒருவருக்கு மனநோய் முற்றி, தூக்கமில்லாமல், கையில் கிடைத்ததை எடுத்து வீசும் நிலைக்குப் போய்விட்டால் நடுராத்திரியில் பல குடும்பங்கள் கூப்பிடுவது போலீஸைத்தான், ஏனென்றால் அந்த நேரத்தில் வந்து நிற்க வேறு ஆள் கிடையாது. வருகிற போலீஸ் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தெளிவாகச் சொல்கிறது. 2018 மே 29 முதல் அது அமலில் இருக்கிறது. குடும்பங்களுக்கும் இது தெரிவதில்லை, ஸ்டேஷன்களிலும் பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் வேதனை.

முக்கியமானது பிரிவு 100. மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவில் திரிபவரையும், மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவரையும் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. எதற்காக அழைத்துப் போகிறோம் என்று அவரிடமே சொல்ல வேண்டும், அவருக்குப் புரியாத நிலை என்றால் அவருடைய நியமனப் பிரதிநிதியிடம் (சட்டப்படி அவர் சார்பில் முடிவெடுக்க உதவுபவரிடம்) சொல்ல வேண்டும். பிறகு, முடிந்த அளவு சீக்கிரம், எப்படிப் போனாலும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயாக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. "ராத்திரி மட்டும் இங்கே இருக்கட்டும், காலையில் பார்க்கலாம்" என்று உள்ளே தள்ளிப் பூட்டினால் அது சட்டமீறல்.

அட்மிஷன் தேவையில்லை என்று டாக்டர் சொன்னால் வீட்டில் கொண்டுவந்து விடுவதும் போலீஸின் வேலைதான். வீடில்லாதவர் என்றால் அரசு காப்பகத்தில் சேர்க்க வேண்டும், காணாமல் போனவர் என்று எப்.ஐ.ஆர். போட்டு குடும்பத்தைத் தேட வேண்டும். இலவச சட்ட உதவி உண்டு என்று சொல்வதும் அவர்கள் கடமை (பிரிவு 27).

சரி, போலீஸாருக்கான பயிற்சிக்கு வருவோம். காவல்துறையினருக்கு இந்தச் சட்டம் பற்றி அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி தருவதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது பிரிவு 30. ஆனால் எத்தனை மணி நேரம், யார் நடத்துவது, என்ன பாடம் என்று அந்தப் பிரிவில் இல்லை. இதுதான் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987-ல் மனநோயின் பிடியில் கையில் கத்தியோடு நின்ற ஓர் இளைஞரை போலீஸ் சுட்டுக் கொன்றது. மறுவருடமே அங்கே ஒரு பயிற்சித் திட்டம் வந்தது: 40 மணி நேரம், ரோந்து போகிற போலீஸாருக்கு, பாடம் எடுப்பவர்களில் மனநல மருத்துவர்களோடு நோயாளிகளும் குடும்பத்தாரும் உண்டு. ஒரு மதியம் கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

பயிற்சி இருந்தால் முதல் பத்து நிமிடம் மாறும். சைரனை நிறுத்துவார்கள். நாலு பேர் சுற்றி நின்று அதட்டாமல் ஒருவர் மட்டும் பேசுவார், அதுவும் தள்ளி நின்று, கதவை மறிக்காமல், முதலில் தன் பெயரைச் சொல்லி. காதில் குரல் கேட்கிறது என்பவரிடம் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று மல்லுக்கட்ட மாட்டார். "எனக்குக் கேட்கவில்லை தம்பி, ஆனால் நீங்கள் பயந்திருப்பது தெரிகிறது, கொஞ்சம் உட்காரலாமா?" என்பார். லத்தியை ஓங்கினால் ஏற்கெனவே எல்லோரும் தன்னைக் கொல்ல வருவதாக நினைப்பவருக்கு அது நிஜமாகிவிடும், அப்புறம் அவர் திருப்பி அடிப்பார், பிறகு அடிதடி கேஸ்.

தற்கொலைக்கு முயன்றவரை வைத்து "கேஸ் ஆகிவிடும்" என்று குடும்பத்தை மிரட்டினால் பயப்பட வேண்டாம். பிரிவு 115-ன்படி அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய பிரிவு 309-ம் இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கவோ தடுக்கவோ தற்கொலை முயற்சி செய்வது மட்டும் குற்றமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டில் மனநோயாளி ஒருவர் அடைபட்டு, பட்டினி கிடந்து, அடி வாங்குவது தெரிந்தால் பிரிவு 101-ன்படி ஸ்டேஷனில் சொல்லுங்கள், அவர்கள் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கிலியில் கட்டுவதையும் இந்தச் சட்டம் தடை செய்கிறது. 2001-ல் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத் தீ விபத்தில் சங்கிலியோடு கருகி இறந்தவர்கள் 28 பேர்.

குடும்பமும் தயாராக இருக்க வேண்டும். 112-க்கு அழைக்கும்போது "பையன் கலாட்டா பண்றான்" என்று நிறுத்திவிடாமல், மனநல சிகிச்சையில் இருப்பவர், இன்ன மாத்திரை, இத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, கையில் ஆயுதம் இருக்கிறதா இல்லையா, இதையெல்லாம் முதலிலேயே சொல்லுங்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். நிலைமை அவ்வளவு முற்றவில்லை என்றால் முதலில் 14416-ஐ, அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸை, கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இன்னொன்று, உங்கள் மாவட்டத்தில் எத்தனை காவலர்களுக்கு பிரிவு 30-ன்படி பயிற்சி நடந்தது, எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் என்று எஸ்.பி. அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும்.