மூச்சுத்திணறலா, மூச்சுத்தடையா?

'ஸ்லீப் ஆப்னியா' என்றதும் 'தூக்கத்தில் மூச்சுத்திணறல்' என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. ஆப்னியா கிரேக்கச் சொல். முன்னால் நிற்கும் 'அ' இன்மையைக் குறிக்கும், நம் 'அநீதி'யில் இருப்பதைப் போல. பின்பாதி மூச்சு. மூச்சற்ற நிலை, அவ்வளவுதான்.

திணறல் திணறுகிறவருக்குத் தெரியும். படியேறி நெஞ்சைப் பிடித்துக்கொள்பவர் திணறுகிறார், ஆஸ்துமாக்காரர் திணறுகிறார். அதற்கு டிஸ்ப்னியா என்று வேறு பெயரே இருக்கிறது. ஆப்னியாக்காரருக்கோ பெரும்பாலும் எதுவும் தெரியாது. குறட்டை சட்டென்று அறுந்து, குறைந்தது 10 விநாடி மூச்சு நின்று, ஒரு செருமலோடு திரும்பும். பதறுவது பக்கத்தில் படுத்திருப்பவர். "மூச்சுத்திணறல் உண்டா?" என்று ஆப்னியாக்காரரைக் கேட்டால் "இல்லையே" என்பார். அவர் சொல்வது உண்மை, கேள்விதான் பிழை.

'மூச்சடைப்பு' என்கிறது இன்னொரு கட்சி. தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபடும் வகைக்குச் சரி. மூளை கட்டளை அனுப்பாமலே மூச்சு நிற்கும் வகையில் அடைப்பு எங்கே? 'மூச்சின்மை' சொல்லுக்குச் சொல் பொருந்தும், காதில் விழுந்தால் சாவுச் செய்தி. என் ஓட்டு 'உறக்க மூச்சுத்தடை'க்கு. மின்தடையைப் பாருங்கள். கம்பி அறுந்தாலும் மின்தடை, நிலையமே அனுப்பாவிட்டாலும் மின்தடை. திரும்ப வரும் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. மூச்சு நிற்காமல் குறைந்துமட்டும் போகும் ஹைப்போப்னியா லோ வோல்டேஜ் மாதிரி, 'மூச்சுக்குறைவு' எனலாம். இரண்டும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் 5 முறை வந்தாலே கணக்கில் எடுப்பார்கள், 30 என்றால் கடுமை.

சொல் குழம்பினால் நோயும் குழம்பும். எதுக்களிப்பு உள்ளவருக்கு நள்ளிரவில் புளித்த நீர் ஏறி, குரல்வளை இறுகி, எழுந்து உட்கார்ந்து திணறுவார். இது நிஜத் திணறல். இவருக்குக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் 15 செ.மீ. கட்டை வைத்து, படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்கச் சொல்வார்கள். மூச்சுத்தடைக்காரருக்கு வேண்டியது தூக்கப் பரிசோதனை. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் சகஜம். பருமன் இரண்டையும் வளர்க்கும். எதுக்களிப்பு என்ற வீட்டுச் சொல் இருக்க, ரிஃப்ளக்ஸை 'அமில எதிர்வினை' ஆக்கும் மொழிபெயர்ப்பாளரை என்ன சொல்ல? லத்தீனில் அது பின்னோக்கி ஓடுவது. வினையும் இல்லை, எதிர்வினையும் இல்லை.

மூச்சுத்தடையைப் 'பரம்பரை நோய்' என்பதும் இந்த ரகப் பிழைதான். வழிவழியாக வருவது சிறுத்த தாடை, குறுகிய தொண்டை, பருமனாகும் போக்கு. மூச்சுத்தடை வந்தே தீரும் என்பதில்லை. 'மரபுவழி இடர்' என்றால் போதும். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் குறட்டை நடுவே மூச்சு நிற்கும் என்றால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டியது இதற்காகத்தான்.