லெப்பர்ட்: சிறுத்தையா, சிவிங்கியா, புலியா?

லெப்பர்ட் என்பதற்குத் தமிழ், சிறுத்தை. சிறுத்தைப்புலி என்றாலும் சரிதான். சிவிங்கி என்பது மட்டும் கூடாது, அது சீட்டா என்னும் வேறு விலங்கு.

ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் 'லியோ' நிற்கும், சொல்லும்போது லெப்பர்ட்தான். கிரேக்கத்தில் லியோன் சிங்கம், பார்டோஸ் சிறுத்தை வகை. இரண்டும் கூடிப் பிறந்த கலப்பினம் என்று பழைய ஐரோப்பியர்கள் நம்பினார்கள். நம்பிக்கை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. அங்குள்ள அரச சின்னங்களில், முகத்தை நம் பக்கம் திருப்பியபடி நடக்கும் சிங்கத்துக்கும் லெப்பர்ட் என்றே பெயர். இங்கிலாந்து அரசச் சின்னத்தின் மூன்று சிங்கங்களையும் அப்படிச் சொன்னதுண்டு.

பாந்தர் தனி விலங்கில்லை. நம் காடுகளில் பிளாக் பாந்தர் என்றால் கருநிறம் மிகுந்த சிறுத்தைதான், வெயிலில் பார்த்தால் கருப்புக்குள்ளேயே புள்ளி தெரியும். கருஞ்சிறுத்தை என்ற சொல் போதும்.

குழப்பமெல்லாம் சீட்டாவில்தான். புள்ளியுடையது என்ற பொருளில் வடமொழிவழி இந்திக்கு வந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. அதுதான் நம் சிவிங்கி. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அதையும் 'வேட்டை லெப்பர்ட்' என்றார்கள். 2022-இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குச் சிவிங்கிகள் வந்தபோது, சிறுத்தை வந்தது என்றே பலர் எழுதினார்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது சிவிங்கி. சிறுத்தை எங்கும் போகவில்லை, நம் களக்காடு முண்டந்துறைக் காட்டிலேயே இருக்கிறது. சிவிங்கிக்குக் கண்ணிலிருந்து வாய்வரை கருங்கோடு இறங்கும், புள்ளிகள் முழுக் கருப்பு. சிறுத்தைக்கு அந்தக் கோடு கிடையாது. உடம்பில் இதழ் இதழாகச் சூழ்ந்த கரும்புள்ளிகள், நடுவில் பழுப்பு.

'லெப்பர்ட் தன் புள்ளிகளை மாற்றாது', அதாவது பிறவிக் குணம் போகாது என்ற ஆங்கில வழக்கு, விவிலியத்தின் எரேமியாவிலிருந்து வந்தது. பாளையங்கோட்டைப் பக்கம் கோயிலில் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'சிவிங்கி' என்றிருக்கும். அதே எபிரேயச் சொல் ஏசாயாவில் 'புலி' ஆகிவிட்டது. இரண்டு இடத்திலும் சிறுத்தை என்பதே பொருந்தும்.

அப்புறம், நம் ஊர்ப் பேச்சு. பாபநாசம், மணிமுத்தாறு அடிவாரத்தில் "அண்ணாச்சி, ராத்திரி புலி வந்து நாயைத் தூக்கிட்டுப் போயிட்டு" என்பார்கள். அது தப்பில்லை. செங்கோட்டை தாண்டினால் மலையாளத்திலும் புலி என்றால் சிறுத்தைதான், வரிப்புலிக்குக் கடுவா என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். ஆனால் வனத்துறைக்கு மனு எழுதும்போதும் செய்தி போடும்போதும் சிறுத்தை என்றே எழுத வேண்டும். ஊருக்குள் நாய்க்கும் ஆட்டுக்கும் வருவது பெரும்பாலும் அதுதான். புலி என்று எழுதினால் கேட்கிறவர் வரிப்புலியை நினைத்துக்கொள்வார். சந்தேகமிருந்தால் கால்தடத்தைக் கலைக்காமல் விட்டு வையுங்கள். வரிப்புலியின் தடம் நல்ல பெரிது, பழகிய வேட்டைத் தடுப்புக் காவலர் பார்த்ததும் சொல்லிவிடுவார்.