லாரி டிரைவர் சீட் மாத்தப் போறீங்களா? மெத்துன்னு இருக்குன்னு மட்டும் பாத்து வாங்காதீங்க

நான் நாமக்கல் பக்கம் பிசியோதெரபி பாக்கறேன். எங்க ஊர்ப்பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் லாரி சம்பந்தப்பட்டவங்க நாலு பேர் இருப்பாங்க, ஒருத்தர் டேங்கர் ஓட்டுவார், ஒருத்தர் போர்வெல் போடற ரிக் வண்டில வடக்க போயிருப்பார், ஒருத்தருக்கு பாடி பில்டிங் பட்டறையில வேலை. அதனால இடுப்பு வலி, கால் மரத்துப் போகுதுன்னு என்கிட்ட வர்ற ஆம்பளைங்கள்ல நிறைய பேரு லைன் வண்டி, அதாவது தூரம் போற லாரி, ஓட்றவங்கதான். அவங்ககிட்ட நான் தவறாம கேக்கற ஒரு கேள்வி, உங்க சீட் எப்படிங்க இருக்கு? "சீட்டெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு, போன ட்ரிப்புக்கு முன்னாடிதான் புது குஷன் போட்டோம், சும்மா மெத்துன்னு இருக்கும்"னு பதில் வரும். இன்னும் கொஞ்சம் விசாரிச்சா வலி அதிகமானதும் அந்தப் புது குஷன் போட்டதுக்கு அப்புறம்தான்னு தெரிய வரும். இது திரும்பத் திரும்ப நடக்கறதாலதான் இதை எழுதறேன்.

கடையில சீட்டை எல்லாரும் கையால அமுக்கித்தான் பாக்கறாங்க. கை உள்ள போச்சுன்னா நல்ல சீட், போகலைன்னா மோசமான சீட். ஆனா நீங்க அதுல கையை வச்சு ஓட்டப் போறதில்லையே, எழுபது எண்பது கிலோ உடம்பை வச்சு ஏழெட்டு மணி நேரம் உக்காரப் போறீங்க. ரொம்ப மெத்துன்னு இருக்கற ஃபோம் முதல் அரை மணி நேரம் சொகமா இருக்கும், அப்புறம் அது அமுங்கி அமுங்கி உங்க உக்காரும் எலும்பு கீழ இருக்கற பிளைவுட்லயே போய் உக்காந்துரும், இடுப்புக்கூடு பின்னாடி சாஞ்சுரும், முதுகோட அடிப்பக்கம் இயல்பா உள்வாங்கி இருக்கற வளைவு நேராகி வெளிப்பக்கமா கூனிரும். அந்த நிலையில முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க் மேல விழற அழுத்தம் பின்பக்கமா தள்ளும், நரம்பு போறதும் அந்தப் பக்கம்தான். டிரைவருங்க இடுப்புல புடிச்சு காலுக்கு இறங்குதுங்கன்னு சொல்றது இதைத்தான்.

இதைவிட பெரிய விஷயம் அதிர்வு. நம்ம முதுகெலும்பு மேலயும் கீழயும் ஆடறப்போ ஒரு செகண்டுக்கு 4-லேர்ந்து 6 தடவைங்கற வேகத்துல வர்ற அதிர்வுதான் அதை ரொம்ப பாதிக்கும், அந்த வேகத்துல உடம்பு அதிர்வை உள்ள வாங்கி பெருசாக்கிக்கும். லாரியோட பட்டை ஸ்பிரிங்ல இருந்து வர்ற ஆட்டத்துல ஒரு பங்கு கிட்டத்தட்ட அந்த வேகத்துலதான் இருக்கு. அதுலயும் லோடு இறக்கிட்டு காலியா வர்ற வண்டி எப்படித் தூக்கிப் போடும்னு ஓட்டினவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இப்ப கவனிக்க வேண்டியது என்னன்னா, வெறும் ஃபோம் இந்த அதிர்வைக் குறைக்காது, 4 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 4 தடவைங்கற வேகத்துக்குப் பக்கத்துல அதை இன்னும் கூட்டித்தான் குடுக்கும். குஷனை எத்தனை இஞ்ச் தடிமனா போட்டாலும் இது மாறாது. இதை ஒரு தொழில் பாதிப்பாவே பாக்கற நாடுங்க உண்டு, ஐரோப்பாவுல 2002-லயே உத்தரவு போட்டுட்டாங்க, 8 மணி நேர வேலைக்கு உடம்புல ஏறற அதிர்வு 0.5 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர் தாண்டினா முதலாளி நடவடிக்கை எடுக்கணும், 1.15-ஐத் தாண்டவே கூடாதுன்னு. இங்க 2025 அக்டோபர் 1-லேர்ந்து தயாராகற பெரிய லாரிகளுக்கு கேபின்ல ஏசி கட்டாயம்னு வந்திருக்கு, ரொம்ப நல்லது, அந்த இன்ஜின் சூட்டுல உக்காந்து ஓட்டறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். ஆனா ஏற்கனவே ரோட்ல ஓடற பழைய வண்டிகள்ல உக்காந்திருக்கறவங்க முதுகுக்கு ஓனரும் டிரைவரும் சேர்ந்துதான் ஏதாவது பண்ணணும்.

அதிர்வைக் குறைக்கறது சஸ்பென்ஷன் சீட். குஷனுக்கு அடியில கத்திரி மாதிரி ஒரு ஃபிரேம், அதுல ஸ்பிரிங்கோ ஏர் பெல்லோஸோ (காத்தடைச்ச ரப்பர் பை), கூட ஒரு சின்ன ஷாக் அப்சார்பர். இதோட சொந்த ஆட்டம் செகண்டுக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான், அதனாலதான் அந்த 4-6 வேகத்துல வர்றது உங்க முதுகுக்குப் போறதுக்குள்ள பெருமளவு அடங்கிரும். ஓசூர்ல லாரி, பஸ்ஸுக்கு டிரைவர் சீட் செய்யற தொழில் ரொம்ப காலமா இருக்கு, அதனால இது ஏதோ வெளிநாட்டு வண்டிக்கு மட்டும் வர்ற சமாச்சாரம்னு நினைக்க வேண்டாம்.

ஏர் சீட்டா ஸ்பிரிங் சீட்டான்னு கேட்டா, வண்டில ஏர் பிரேக் இருந்து நீங்க தூரமா ஓட்றவரா இருந்தா ஏர் சீட், வெயிட்டுக்கு ஏத்தபடி செட் பண்ண சுலபம். ஆனா இங்க ஒரு விஷயத்தை ரொம்ப அழுத்தி சொல்லணும். சீட்டுக்கான காத்தை பிரேக் லைன்ல T ஜாயிண்ட் போட்டு எடுக்கவே கூடாது. சில இடத்துல ஈசியா இருக்குன்னு அப்படித்தான் மாட்டித் தர்றாங்க, சீட் பெல்லோஸ்ல ஒரு ஓட்டை விழுந்தா பிரேக் காத்து அது வழியா இறங்கும், முதுகைக் காப்பாத்தப் போய் உயிருக்கே ஆபத்தாயிரும். பாதுகாப்பு வால்வுக்கு அப்புறம், பிரேக் இல்லாத மத்த வேலைக்குக் காத்து போற ஆக்ஸிலரி லைன்ல இருந்துதான் எடுக்கணும், இதை வண்டிக் கம்பெனி சர்வீஸ் ஆளுகிட்டயோ ஏர் பிரேக் மெக்கானிக்கிட்டயோ விட்ருங்க, சீட் கடைக்காரர் கையில வேண்டாம். அந்த வசதி இல்லாத சின்ன வண்டின்னா நல்ல ஸ்பிரிங் சீட் போதும்.

அடுத்தது அளவு. சஸ்பென்ஷன் சீட் உயரமானது, அது மேல கீழ போய்வரவே 80-லேர்ந்து 100 மில்லிமீட்டர் இடம் வேணும். பட்டறையில கட்டின பழைய கேபின்ல பலகை மேல சீட் வச்சிருப்பாங்க, அந்தப் பலகையை எடுக்காம மேலயே புது சீட்டை வச்சுட்டா தலை கூரையில இடிக்கும், தொடை ஸ்டியரிங்ல முட்டும், கால் கிளட்ச்சுக்கு எட்டாம தொங்கும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி தரையில இருந்து கூரை வரைக்கும், ஸ்டியரிங் அடிப்பக்கம் வரைக்கும் டேப் வச்சு அளந்து எழுதிட்டுப் போங்க. போல்ட் ஓட்டைகளோட இடைவெளியையும் அளங்க. ஓட்டை பொருந்தலைன்னு வெல்டிங் வச்சு ஒட்டறதுக்கு ஒத்துக்காதீங்க, சீட்டும் அது தரையில மாட்டற இடமும் எவ்வளவு பலம் தாங்கணும்னு ஏஐஎஸ்-023ன்னு இந்திய வண்டிகளுக்கு ஒரு தரமே இருக்கு, வண்டி மோதற நேரத்துல சீட்டு பேந்துட்டு வந்தா சீட் பெல்ட் போட்டும் பிரயோஜனம் இல்ல. பெல்ட்டும் பழைய இடத்துலயே இருந்து சீட் மட்டும் உயர்ந்துட்டா பெல்ட் இடுப்பெலும்புல உக்காராம வயித்துல ஏறிக்கும், அதையும் சேர்த்தே மாத்தணும்.

உக்காந்து பாக்கறப்போ கூச்சப்படாம டிரைவரே நேர்ல போய் பாக்கணும். ஓனர் போய் வாங்கிட்டு வர்ற சீட் ஓனர் உடம்புக்குத்தான் பொருந்தும். முதுகை முழுசா சாய்மானத்துல ஒட்டி உக்காந்து கிளட்ச்சை கடைசி வரைக்கும் மிதிக்கற மாதிரி செஞ்சு பாருங்க, அப்பவும் முழங்கால் லேசா மடங்கியே இருக்கணும், கால் எட்டலைன்னு இடுப்பு முன்னாடி நழுவிச்சுன்னா அந்த சீட் உங்களுக்கு இல்ல. முழங்காலுக்குப் பின்னாடியும் சீட் நுனிக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் போற இடைவெளி வேணும், இல்லைன்னா தொடை அடிப்பக்கம் அழுந்தி கால் மரத்துப் போகும். சாய்மானம் 100-லேர்ந்து 110 டிகிரி, பேன்ட் பெல்ட் கட்டற இடத்துக்கு கொஞ்சம் மேல முதுகைத் தாங்கற மாதிரி ஒரு மேடு. அந்த மேடு இல்லாத சீட்ல ஒரு துண்டைச் சுருட்டி வச்சாலே பாதி வேலை ஆயிரும், என்கிட்ட வர்றவங்களுக்கு முதல் நாளே நான் சொல்றது இதுதான், காசும் இல்ல.

சஸ்பென்ஷன் சீட்டுக்கு இப்ப வசதி இல்ல, இருக்கற சீட்லயே ஃபோம் மாத்தப் போறோம்னா அதுக்கும் ஒரு வழி இருக்கு. ஃபோமை கையால பாக்காதீங்க, தராசுல போடுங்க. 50 சென்டிமீட்டருக்கு 50, 10 சென்டிமீட்டர் தடிமன் துண்டு 32 டென்சிட்டின்னா (ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ) 800 கிராம்தான் இருக்கும், 50 டென்சிட்டின்னா 1 கிலோ 250 கிராம் இருக்கும். சோபாவுக்குப் போடற 32 லாரி சீட்டுக்குத் தாங்காது, சீக்கிரமே குழி விழுந்துரும். 50-க்கு மேல கேளுங்க, அச்சுல வார்த்த ஃபோம் கிடைச்சா இன்னும் நல்லது. துண்டு ஃபோமை ஒட்டிச் செஞ்சது எடை நிறைய இருக்கும், ஆனா கட்டை மாதிரி இருக்கும், அடியில ஒரு லேயரா போடலாம், முழுசா அதையே போட்டா வலிக்கும். மேல ரெக்ஸினுக்குப் பதிலா காத்து போற துணி கவர் போட்டா வேர்வை தங்காது. மணி கோத்த விரிப்பு போடறாங்களே, அது காத்தோட்டத்துக்கு மட்டும்தான், முதுகுக்கு ஒரு தாங்கலும் அது குடுக்காது.

சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் மார்க்கெட்ல சீட் எடுக்கறவங்களும் உண்டு, தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது விபத்துல சிக்கின வண்டியோடதா இருக்கலாம். ஸ்லைடர் ஒவ்வொரு பல்லுலயும் ரெண்டு பக்கமும் சரியா லாக் ஆகுதா, ஃபிரேம்ல வெல்டிங் தழும்பு இருக்கா, உக்காந்து எந்திரிச்சா ஷாக் அப்சார்பர் துள்ளுதா, பெல்லோஸ்ல வெடிப்பு இருக்கா, இத்தனையும் பாக்காம தூக்கிட்டு வராதீங்க.

இன்னொண்ணு, நல்ல சஸ்பென்ஷன் சீட் ஏற்கனவே இருந்தும் வலியோட வர்றவங்க. கேட்டா, உக்கார்றவங்க எடைக்கு ஏத்தபடி சீட்டை செட் பண்ற வெயிட் நாப்பை யாருமே திருப்பினதில்ல. பல சீட்ல 50-லேர்ந்து 130 கிலோ வரைக்கும் செட் பண்ணலாம், நீங்க உக்காந்தா சீட் அதோட மொத்த ஓட்டத்துல பாதியில நிக்கணும். வேகத்தடையில டங்குன்னு அடியில இடிச்சா நாப்ல எடையைக் கூட்டுங்க, மேல போய் இடிச்சா குறைங்க. அப்படி இடிக்கறது சாதாரண அதிர்வைவிட டிஸ்க்குக்கு மோசம். ரெண்டு டிரைவர் மாறி மாறி ஓட்ற வண்டின்னா ஆளாளுக்கு செட்டிங் வேற, ஸ்லைடர்லயும் நாப்லயும் ஆளுக்கொரு கலர்ல கோடு போட்டு வச்சுக்கிட்டா ராத்திரி மாறறப்பவும் ஒரு நிமிஷத்துல சரி பண்ணிக்கலாம். பின்பாக்கெட்ல பர்ஸை வச்சுட்டு உக்காராதீங்க, ஒரு பக்கம் இடுப்பு தூக்கி, பின்பக்க தசை காலுக்குப் போற நரம்பை அமுக்கும். வண்டியை நிறுத்தின உடனே கேபின்ல இருந்து குதிச்சு தார்ப்பாயை இழுக்கறதும் வேண்டாங்க, மணிக்கணக்கா ஆடின டிஸ்க் அந்த நேரத்துல பலவீனமா இருக்கும், பிடிச்சு இறங்கி ஒரு பத்து நிமிஷம் நடந்துட்டு அப்புறம் கயிறைத் தொடுங்க.

சீட் மாத்தினா வலி குறையும், ஆனா ஏற்கனவே பிதுங்கின டிஸ்க்கை சீட்டு சரி பண்ணாது. பாதத்தைத் தூக்க முடியாம செருப்பு நழுவுது, ஒண்ணுக்குப் போறது திடீர்னு நின்னு போச்சு இல்ல அடக்க முடியல, உக்கார்ற இடத்துல தொட்டா தெரியல, இதுல எது வந்தாலும் லோடு எங்க இருந்தாலும் சரி, வண்டியை ஓரம் கட்டிட்டு அன்னைக்கே எலும்பு, நரம்பு டாக்டர் இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. ஊருக்கு வந்து பாத்துக்கலாம்னு ஓட்டிட்டு வந்தீங்கன்னா அந்த நரம்பு திரும்ப வராமயே போயிரலாம்.