ஷாத்தோநெஃப் து பாப்: பாப்பரசரின் புதுக்கோட்டை

ஷாத்தோநெஃப் து பாப் ஒரு பிரெஞ்சுச் சிவப்பு ஒயின், அது விளையும் ஊருக்கும் அதே பெயர்தான். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் பிரித்துப் பார்த்தால் நமக்கு ரொம்பப் பழக்கமான ஊர்ப்பெயர். ஷாத்தோ என்றால் கோட்டை, நெஃப் என்றால் புதிய, பாப் என்றால் போப். பிரெஞ்சில் ஒன்பதுக்கும் நெஃப்தான், அதற்காக 'ஒன்பது கோட்டை' என்று எழுதிவிடாதீர்கள்.

ஷாத்தோவின் வேர் லத்தீன் காஸ்டெல்லும், நெஃபின் வேர் நோவுஸ். பாப் வந்த வழி இன்னும் சுவையானது: கிரேக்கக் குழந்தை அப்பாவைக் கூப்பிடும் பாப்பாஸ், லத்தீனில் பாப்பா ஆகி, அப்புறம் பிரெஞ்சில் பாப் ஆனது. தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லும் பாப்பரசரிலும் அதே அப்பாதான் இருக்கிறார்.

1309 முதல் 1377 வரை போப்புகள் ரோமை விட்டுத் தெற்கு பிரான்சின் அவிஞ்ஞோனில் இருந்தார்கள். அவர்களில் இருபத்திரண்டாம் யோவான் பக்கத்திலிருக்கும் இந்த ஊரில் ஒரு கோட்டை கட்டினார். ஆனால் ஊர்ப்பெயரில் உள்ள புதுக்கோட்டை அவருடையதல்ல, அந்தப் பெயர் அவருக்கு முன்பே இருந்தது. அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் ஷாத்தோநெஃப் கால்செர்னியே என்றுதான் வெகுகாலம் அழைத்தார்கள், போப் அதிகாரபூர்வமாகப் பெயரில் ஏறியதே 1893இல்தான்! யோவான் கட்டியதில் இன்று நிற்பது பாதிக் கோபுரம், மற்ற பாதி இரண்டாம் உலகப்போரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இந்த ஊர் ஒயின் புட்டிகள் பலவற்றின் தோளைத் தடவினால் கண்ணாடியிலேயே புடைத்து நிற்கும் போப்பின் முடியும் சாவிகளும் கையில் தட்டுப்படும்.

சரி, ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். வகையைச் சொல்லும் 'ட்ரை ரெட் பிளெண்ட்' என்பதற்குத்தான் தமிழ் வேண்டும், அங்கேதான் சொதப்புகிறோம். 'உலர் சிவப்பு ஒயின்' என்று எழுதினால் உலர் திராட்சையில் செய்தது என்றுதான் படிப்பவர் நினைப்பார். சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதும் தின்று தீர்த்துவிட்டது என்பதுதான் ட்ரைக்குப் பொருள், ஆகவே 'இனிப்பில்லாத' என்றால் போதும். பச்சை வாழைப்பூவை மென்றதுபோல நாக்கை இழுப்பது திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்பு, அது வேறு சமாச்சாரம்.

பிளெண்டுக்குக் 'கலப்பு' என்கிறார்கள், எனக்கு அதில் கலப்படம்தான் கேட்கிறது. இந்த ஒயினில் 13 திராட்சை வகைகள் வரை சேர்க்கலாம் என்று சட்டமே இருக்கிறது, பெரும்பாலும் கிரெனாஷ் முன்னால் நிற்க சீராவும் மூர்வெத்ரும் துணைக்கு வரும். திட்டமிட்டுச் சேர்ப்பதற்கு நம்மிடம் 'கூட்டு' இருக்கிறதே, கூட்டுப் பெருங்காயம்போல.

ஒயினுக்கு? யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு 56ஆம் பாட்டு 'தண்கமழ் தேறல்' என்கிறது. அதுவும் மத்தியதரைக்கடல் பக்கத்துச் சரக்குதான். தெளிந்து இறுத்தது என்பதால் தேறல்.

ஆக, ஷாத்தோநெஃப் து பாப் என்பது இனிப்பில்லாத கூட்டுச் செந்தேறல். கடையில் போய் இப்படிக் கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள், அங்கே மட்டும் ரெட் ஒயின் என்றே கேளுங்கள்.