உங்கள் விரல்ரேகை எங்கே தங்குகிறது?

கோலாலம்பூர், செந்தூலில் ஒரு கோயில் மண்டபத்தில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைப்பேசி வழி வங்கிச் சேவையைப் பயன்படுத்தும் மூத்தோருக்கு வகுப்பு எடுத்து வருகிறேன். வார நாட்களில் நிறுவனங்களுக்குத் தகவல் பாதுகாப்பு குறித்து ஆலோசனை சொல்வது என் தொழில். அண்மையில் ஒரு வகுப்பில், கடவுச்சொல் வேண்டுமா, விரல்ரேகை வேண்டுமா என்று கேட்டபோது ஏறக்குறைய எல்லாரும் விரல்ரேகைக்கே கை தூக்கினார்கள். பின்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் மட்டும் எழுந்து, “எங்கப்பா தோட்டத்துச் சம்பளப் புத்தகத்துல கைநாட்டு வச்சாரு. நீயாவது கையெழுத்துப் போடணும்னுதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாரு. இப்ப நான் பேங்குக்கே கைநாட்டு வைக்கிறேன்,” என்றார். மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மலேசியாவில் விரலை வைக்கச் சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. 1948இல் அவசர காலத்தின்போது வழங்கப்பட்ட காகித அடையாள அட்டையிலேயே பெருவிரல் ரேகை இருந்தது. 2001இல் வந்த மைகார்டு அடையாள அட்டையின் சில்லுக்குள் இரண்டு பெருவிரல்களின் விவரங்களும் பதிக்கப்பட்டன. வங்கிக் கணக்கு திறப்பதற்கும் கைப்பேசி எண் வாங்குவதற்கும் கவுண்டரில் அந்த அட்டையைச் செருகிவிட்டுக் கட்டைவிரலை அழுத்துவது நமக்குக் கை கழுவுவதுபோல் ஆகிவிட்டது. ஆகவே, மக்கள் விரல்ரேகை, முகம் போன்ற உயிரியளவு அடையாளத்தை ஏற்றுக்கொள்வார்களா என்ற கேள்வி இங்கே பெரிதாக எழுவதில்லை. எதை ஏற்றுக்கொள்கிறோம் என்று தெரிந்து ஏற்றுக்கொள்கிறார்களா என்பதே என் கவலை.

என் அனுபவத்தில், பெரும்பாலோர் விரல்ரேகைக்கு மாறுவது அது பாதுகாப்பானது என்று ஆராய்ந்து பார்த்து அன்று. கடவுச்சொல் தந்த சலிப்பினால்தான். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று, அதையும் 90 நாளுக்கு ஒருமுறை மாற்று என்று வற்புறுத்தினால், மனிதர்கள் முருகன் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்ப்பார்கள்; அடுத்த முறை கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள். காரணமின்றிக் காலக்கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே தன் வழிகாட்டியில் எழுதிவிட்டது. ஆனாலும் கோலாலம்பூர் அலுவலகங்கள் பலவற்றில் அந்தப் பழைய விதி இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது. (மேற்சொன்ன எழுத்தர் தம் கடவுச்சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். வகுப்பில் இருந்த இளைஞர்கள் முகம் சுளித்தார்கள்; நான் சுளிக்கவில்லை. எங்கோ இருந்து இணையம் வழியாகத் திருட வருபவனுக்கு அவர் அலமாரி எட்டாது.)

கைப்பேசியில் விரலைப் பதியும்போது நடப்பது இதுதான். விரலின் படம் அப்படியே சேமிக்கப்படுவதில்லை. ரேகைகள் பிரியும் இடங்களும் முடியும் இடங்களும் கணித வடிவமாக மாற்றப்பட்டு, மற்றச் செயலிகள் தொட முடியாத தனிப் பாதுகாப்புப் பகுதியில் வைக்கப்படுகின்றன. வங்கிச் செயலி கேட்கும்போது கைப்பேசி ‘பொருந்துகிறது’ அல்லது ‘பொருந்தவில்லை’ என்ற முடிவை மட்டுமே தெரிவிக்கிறது. ரேகை வங்கிக்குப் போவதில்லை. பதிந்த ஒரு விரலுக்கு முன்பின் தெரியாத ஒருவரின் விரல் தற்செயலாகப் பொருந்திவிடும் வாய்ப்பு 50,000இல் ஒன்று என்று ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது. இந்த அமைப்பைப் பொறுத்தவரை நான் மக்களைத் தயக்கமின்றி ஊக்குவிக்கிறேன்.

ரேகை கைப்பேசியை விட்டு வெளியேறி வேறொருவரின் கணினியில் தங்கும் இடத்தில்தான் என் தயக்கம் தொடங்குகிறது. நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் சில ஆண்டுகளுக்கு முன் நுழைவாயிலுக்கு விரல்ரேகைக் கருவி பொருத்தினார்கள். பதிவு செய்யப் போனபோது, “இந்தத் தகவல் எங்கே இருக்கும்?” என்று கேட்டேன். நிர்வாக அலுவலகத்திலிருந்த தம்பி மேசைக்கு அடியில் இருந்த பழைய கணினியைக் காட்டினார். அதன் திரையோரத்தில் மஞ்சள் ஒட்டுத்தாளில் அதன் கடவுச்சொல் எழுதியிருந்தது. வீடு விற்றுப் போனவர்களின் ரேகை அழிக்கப்படுகிறதா என்றேன். அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை என்றார். நான் விரலைப் பதியாமல் நுழைவு அட்டையே வாங்கிக்கொண்டேன்.

கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்தில் நடந்த ஊடுருவலில் 56 லட்சம் பேரின் விரல்ரேகைகள் களவு போயின. அவர்கள் வாழ்நாள் முழுவதும் அதே விரல்களோடுதான் இருக்க வேண்டும். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024இல் செய்யப்பட்ட திருத்தம், உயிரியளவுத் தகவலை நுண்ணுணர்வுத் தரவு வகையில் சேர்த்திருக்கிறது. அந்த வகைத் தகவலைக் கையாள வெளிப்படையான ஒப்புதல் பெற வேண்டும் என்பதால், இனி அடுக்குமாடி நிர்வாகமோ, உடற்பயிற்சிக் கூடமோ, பணிநேரப் பதிவுக்கு விரல் கேட்கும் முதலாளியோ, எதற்கு, எவ்வளவு காலம், எங்கே என்று சொல்லாமல் வாங்குவது சரியன்று. அரசாங்கத்தை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

உடல்ரீதியான ஆபத்தும் ஒன்று உண்டு. 2005இல் கோலாலம்பூர்ப் புறநகரில் விரல்ரேகையால் இயங்கும் மெர்சிடிஸ் காரைக் கடத்திய கும்பல், அதன் உரிமையாளரின் விரலையே வெட்டிக்கொண்டு போன செய்தி உலக ஊடகங்களில் வந்தது. அத்தகைய குற்றம் மிக அரிது. இதை நான் வகுப்பில் சொல்வதில்லை, சொன்னால் அடுத்த மாதம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

நான் வகுப்பில் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வது மோசடி பற்றிய பகுதிக்கு. வீடு சுத்தம் செய்யும் சேவை என்று முகநூலில் விளம்பரம் கொடுத்து, ஒரு செயலியைத் தரவிறக்கச் சொல்லி, குறுஞ்செய்தியில் வரும் டிஏசி எனப்படும் ஒருமுறை ஒப்புதல் எண்ணைத் திருடிய கும்பல்கள் 2022 வாக்கில் பலரை ஏமாற்றின. அவ்வாண்டு செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணை விட்டு வலுவான முறைகளுக்கு மாறும்படியும், ஒருவருக்கு ஒரு கைப்பேசியை மட்டுமே அங்கீகரிக்கும்படியும் வங்கிகளுக்கு அறிவித்தது. இப்போது பணம் அனுப்பும்போது செயலியிலேயே ஒப்புதல் கேட்டு, நாம் விரலை வைப்பது அதனால்தான். ஆனால் விரல், ‘இது நான்’ என்று மட்டுமே சொல்லும். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் தொலைபேசியில் மிரட்ட, பயத்தில் நாமே விரலை வைத்தால் கைப்பேசி மறுக்காது. திரையில் இருக்கும் தொகையையும் பெறுபவர் பெயரையும் படித்த பிறகே விரல் நகர வேண்டும். தவறிவிட்டால் அந்த நிமிடமே வங்கியையோ, மோசடிப் புகாருக்கான 997 எண்ணையோ அழைக்க வேண்டும்.

அதே வகுப்பில் கோலசிலாங்கூர்ப் பக்கம் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய பாட்டி ஒருவர் இருந்தார். கத்தியும் பால் உறையப் போடும் அமிலமும் தேய்த்துவிட்ட கட்டைவிரல் அவருடையது. கைப்பேசி அதை ஐந்து முறை மறுத்தது. ஆயினும் அவர் வங்கிச் செயலி விரலால் திறந்துகொண்டிருந்தது. எப்படி என்று பார்த்தால், பேரன் தன் விரலைப் பதிந்து கொடுத்திருக்கிறான். “அவன் வந்தாத்தான் ஐயா எனக்குக் காசு,” என்றார். பேரன் நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் கைப்பேசியில் ஏற்கெனவே பதிந்திருக்கும் எந்த விரலையும் வங்கிச் செயலி உரிமையாளரின் விரலாகவே எடுத்துக்கொள்ளும். புதிதாக விரல் சேர்த்தால் மட்டும் சில செயலிகள் மீண்டும் கடவுச்சொல்லைக் கேட்கும். இதுபோக, கைப்பேசியை அணைத்துப் போட்டாலும், விரல் பலமுறை பொருந்தாவிட்டாலும், அது திரும்பக் கேட்பது பின் (PIN) எண்ணைத்தான். 1234 என்று வைத்திருப்பவரின் கைப்பேசிக்கு விரல்ரேகை எந்தக் காவலும் இல்லை.

பேரனின் விரலை நீக்கினோம். பாட்டியின் சுண்டுவிரல் ரேகை தேயாமல் இருந்தது, அதைப் பதிந்தோம். ஆறு இலக்கப் பின் எண் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்துத் தட்ட வேண்டும் என்றேன். அவர் நாற்காலியை என் பக்கமிருந்து திருப்பிப் போட்டு, முந்தானையால் திரையை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார்.